என்னை முந்திக்கொண்டு கிளம்பிய பாஸ்போர்ட்

என் பாஸ்போர்ட் இங்கிலாந்துக்குக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை காலையில். நான் கிளம்பியது ஞாயிற்றுக்கிழமை. இடைப்பட்ட நாட்களில் அது என்னைவிட அதிகத் தூரம் போனது, என்னைவிட நல்ல நேரத்திலும் போனது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது எப்படி என்று யாராவது கேட்டால் மதிப்பெண், நேர்காணல், விசா என்று சொல்லிவிடுகிறேன். உண்மையில் நான் சேர்ந்தது கண்டனூர், இளையாத்தங்குடி வழியாக.

அதற்கு முன் நான்கு ஆண்டுகள் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். பிறர் எழுதியதில் பிழை பார்ப்பது வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ராசிபலன் பக்கமும் என் பொறுப்பு. ஒரு வாரம் ஜோதிடரிடமிருந்து கட்டுரை வரவில்லை. முந்தைய ஆண்டு அதே வாரத்தில் வந்ததை எடுத்துப் போட்டேன். மறுநாள் ஒரு வாசகர்கூட அழைக்கவில்லை. காரைக்குடியில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் வாசகர் ஒருவர் உண்டு. அவர் என் அப்பா. ஊருக்குப் போனபோது அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அந்த வாரந்தான் எனக்கு அச்சு அசலாப் பலிச்சுச்சு" என்றார்.

அப்பா மின்வாரியத்தில் பொறியாளர். அம்மா மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததைப் படித்துவிட்டுப் படிக்காத குடும்பம் போலிருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எனக்கு இடம் கிடைத்தது பொய்ச் செய்திகள் எப்படிப் பரவுகின்றன என்பது பற்றிய முதுநிலைப் படிப்பில். வடக்கு இங்கிலாந்தில் ஒரு ஊர், ஓராண்டு, உதவித்தொகை உண்டு. அப்பாவின் அண்ணன், அதாவது பெரியப்பா, விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "பொய்யப் பத்திப் படிக்க அம்புட்டுத் தூரம் போகணுமாத்தா? நம்ம வாட்சப் குரூப்ப ஒரு வாரம் உக்காந்து படி. டாக்டர் பட்டமே வாங்கிரலாம்." பின்னாளில் என் துறைப் பேராசிரியர்களிடமிருந்து இவ்வளவு துல்லியமான வாக்கியம் ஒன்றை நான் கேட்டதில்லை.

அப்பா சிரிக்கவில்லை. நிபந்தனை போட்டார். "இந்த வருசம் போறதுன்னா போ. அடுத்த வருசம், அதுக்கு அடுத்த வருசம்னு இழுக்கக் கூடாது. இந்த வருசம் தவறுச்சுன்னா தை மாசம் கல்யாணம்." எனக்கு வயது இருபத்தேழு. என் ஜாதகம் அதற்குள் மூன்று மாவட்டங்களைச் சுற்றிவிட்டு வந்திருந்தது. சரி என்றேன்.

விசா தாமதமானது. வகுப்புகள் தொடங்கிவிட்டன. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குள் நேரில் வந்து பதிவு செய்ய வேண்டும், தவறினால் இடம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்படும். கனிவான மொழிதான். அடுத்த ஆண்டு என்றால் எங்கள் வீட்டில் என்ன பொருள் என்று அதை எழுதியவருக்குத் தெரியாது.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கூரியரில் வந்தது அதற்கு முந்தைய புதன்கிழமை. வெள்ளி, சனி விமானங்களில் இடமில்லை. ஞாயிறு பகல் பன்னிரண்டு நாற்பதுக்குத் திருச்சியிலிருந்து வளைகுடா வழியாக ஒரே ஒரு டிக்கெட் கிடைத்தது. பதிவு செய்துவிட்டு நிமிர்ந்தால் அப்பா காலண்டரும் கையுமாக நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். மேற்கே போகக் கூடாது. என் ராசிக்கு வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலை வரை சந்திராஷ்டமம். எங்கேயுமே போகக் கூடாது. விமானம் புறப்படும் நேரம் எமகண்டம். அந்த நேரத்தில் எதையுமே தொடங்கக் கூடாது. ஒரே டிக்கெட்டில் மூன்று குற்றங்கள். அதை மாற்ற முடியாது என்று நான் சொன்னதை, தண்டனை முடிவாகிவிட்டதை அறிவிப்பதுபோல அப்பா அம்மாவிடம் சொன்னார். பெரியப்பா வரவழைக்கப்பட்டார்.

தீர்வு அவரிடம் தயாராக இருந்தது. பரஸ்தானம். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்பு வரும் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணிக்கு வேண்டிய பொருள் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் போனாலும் தோஷமில்லை, நடுவழியில் இருப்பவரைச் சூலம் என்ன செய்யும்? வைத்த பொருளைப் போகும் வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும், வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது. அவ்வளவுதான். கிரகங்களை இவ்வளவு நேர்த்தியாக ஏமாற்றும் ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. கண்டுபிடித்தவர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை நல்ல நாள். பத்தரை முதல் பதினொன்றரை நல்ல நேரம். கண்டனூரில் ஓர் ஆச்சி பெரியப்பாவுக்குப் பழக்கம். தன் குடும்பத்தின் பெரிய வீட்டில் ஒரு பகுதியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர். அங்கேயே வைப்பதென்று முடிவானது. எதை வைப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது.

"ஒரு சுடிதார வைங்க" என்றேன்.

"சுடிதார வச்சா சுடிதாருதான் கெளம்புனதா அர்த்தம்" என்றார் பெரியப்பா. "படிக்கப் போறவ. சர்டிபிகேட்ட வைக்கணும்."

"அப்ப ஜெராக்ஸ் எடுத்துத் தர்றேன்."

முப்பத்தைந்து ஆண்டுகள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்தவர் அவர். என்னை அவர் பார்த்த பார்வையில் அத்தனை ஆண்டுகளும் இருந்தன. "ஜெராக்ஸ வச்சா ஜெராக்ஸ்தான் போகும். ஒரிஜினல் இல்லாம எங்கயாச்சும் ஒரு வேலை நடந்திருக்கா?"

அதுவரை பேசாமலிருந்த அம்மா, "சர்டிபிகேட்டவிட பாஸ்போர்ட்டுதான் சரி" என்றார். "எல்லையத் தாண்டுறது அதுதான. அது நகந்துட்டா இவ நகந்த மாதிரி. எதை வச்சு அளக்கிறோங்கிறதுதான் விஷயம்." பதினொன்றாம் வகுப்புக்குச் சார்பு இயக்கம் நடத்துகிற அதே குரலில் சொன்னார்.

இந்த இடத்தில் நான் எழுந்து நின்று தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு, சண்டை போடாமல் இருந்தாலே பெருந்தன்மை போலத் தெரியும். மூன்று நாட்கள்தானே, கண்டனூர்தானே என்று, பாஸ்போர்ட்டையும் அசல் சான்றிதழ்களையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு நானே எடுத்துக் கொடுத்தேன். நான்கு ஆண்டுகள் பிழை திருத்திய நான் கண்ணெதிரே போன பிழையைக் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

மஞ்சள் பையில் கோப்பு, வெற்றிலை பாக்கு, ஒரு தேங்காய், ஒரு மஞ்சள் கிழங்கு. பெரியப்பாவோடு நானும் போனேன். கண்டனூரில் தெருவுக்கு இரண்டு வீட்டில்தான் கதவு திறந்திருக்கும். மற்றவை கல்யாணத்துக்குக் கல்யாணம் திறப்பவை. ஆச்சி வாசலுக்கே வந்தார். அறுபது வயதிருக்கும், காதில் ப்ளூடூத் கருவி, கையில் கணக்கு நோட்டு.

"வந்துட்டீகளா? பத்தேமுக்காலு ஆச்சு, நேரம் இருக்கு. உள்ள வாங்க." பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "பாஸ்போர்ட்டா? எங்கிட்ட வர்ற வெள்ளக்காரங்க ஒரு நிமிசங்கூட இதக் கைய விட்டுத் தர மாட்டாக. நீ என்னாத்தா, மூணு நாளைக்குத் தர்ற?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பையை வாங்கிச் சாமி அறையில் வைத்தார். அந்த அறையில் அன்று நடைமுறை அறிவோடு பேசியது அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருமுனையில் பிளக்ஸ் போர்டு ஏறியது. பெரியப்பாவின் ஏற்பாடு. மேல்படிப்புக்காக இங்கிலாந்து செல்லும் எங்கள் குலக்கொழுந்தே என்று தொடங்கி, வாழ்த்தும் பதினெட்டுத் தலைகளோடு முடிந்தது. பட்டமளிப்புத் தொப்பியைப் படக்கடைக்காரர் என் தலையில் ஒட்டியிருந்தார். பின்னணியில் பறந்தது ஆஸ்திரேலியக் கொடி.

"பெரியப்பா, இது ஆஸ்திரேலியா."

அண்ணாந்து பார்த்தார். "மூலைல இங்கிலாந்து கொடி இருக்குல்ல. அதான் நீ. மிச்சம் டிசைன்."

வழியனுப்பு என்ற பெயரில் ஒரு வாட்சப் குழுவையும் அவர் தொடங்கியிருந்தார். உறவினர்கள், நண்பர்கள், கண்டனூர் ஆச்சி உட்பட எல்லோரும் அதில் இருந்தார்கள். இங்கிலாந்துக் குளிருக்குச் சுக்குக் கஷாயம், லண்டனில் தமிழ்க் கல்வெட்டு, பால்கோவாவை விமானத்தில் தடை செய்துவிட்டார்கள் என்று முதல் ஒரு மணி நேரத்திலேயே என் படிப்புக்கான மூலப்பொருட்கள் வந்து குவிந்தன. ஒலியை அணைத்து வைத்தேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அப்பா காரை எடுத்தார். முன்னால் பெரியப்பா, பின்னால் அம்மாவும் நானும், எங்களுக்கு நடுவே ஊறுகாய். எட்டு இருபதுக்குக் கண்டனூர். ஆச்சியின் வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டு உள்ளங்கை அகலம் இருக்கும்.

பெரியப்பா கைபேசியில் அழைத்தார். எடுக்கவில்லை. அப்பா அழைத்தார். அம்மா தன் கைபேசியிலிருந்து அழைத்தார், எண் மாறினால் எடுப்பார் என்பதுபோல. எதிர்வீட்டில் கோலத்தை முடித்து நிமிர்ந்த ஒரு பெண், "ஆச்சியா? அவுக நேத்தே இளையாத்தங்குடிக்குப் போயிட்டாகளே. சொந்தத்துல அறுபதாங் கல்யாணம்" என்றார்.

"சாவி?"

"அவுக இடுப்புல."

இளையாத்தங்குடி மேற்கே. நாங்கள் வந்த வழியே காரைக்குடிக்குத் திரும்பி, அதைக் கடந்து போக வேண்டும். போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு மறுபடி கண்டனூர் வந்து பையை எடுத்தால் விமானம் கிடைக்காது. அந்தக் கணக்கு நால்வருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. சந்திராஷ்டமமெல்லாம் கிடையாது என்று நான்கு ஆண்டுகளாகச் சொல்லிவந்தவள் நான். தை மாதத்துக்கு எத்தனை வாரம் என்று மனம் எண்ணத் தொடங்கியது.

பூட்டைத் தட்டிப் பார்த்தார் பெரியப்பா. "பூட்டுக்காரன் எவனாவது இருந்தா…"

"அடுத்தவுக வீட்டுப் பூட்டையா உடைப்பீக?" என்றார் அம்மா.

"ஒடைக்கிறதுன்னு யாரு சொன்னா? தெறக்கிறது."

ஆச்சியின் வேறு எண் ஏதாவது இருக்குமா என்று வழியனுப்பு குழுவைத் திறந்தேன். இருநூறுக்கு மேல் செய்திகள். விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ரோஜாப்பூ, பிள்ளையார், ரோஜாப்பூ, பயணத்தில் சாப்பிடக் கூடாத ஏழு பழங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டு ரோஜாக்களுக்கு நடுவில், ஆச்சியின் குரல் பதிவு ஒன்று இருந்தது. அதற்குக் கீழே பதினோரு பேர் கைகூப்பியிருந்தார்கள். கேட்டிருந்தால் ஒருவராவது பெரியப்பாவிடம் சொல்லியிருப்பார். தட்டினேன்.

"அண்ணே, நான் இளையாத்தங்குடிக்குக் கெளம்புறேன். ஆளில்லாத வீட்டுல அந்தப் பிள்ளையோட பாஸ்போர்ட்ட வைக்கிறது எனக்குச் சரியாப் படல. கூடவே கொண்டு போறேன். நாளைக்கு அங்குட்டு வந்து வாங்கிக்கங்க. இதக் கேட்டதும் ஒரு போன் அடிங்க."

மொத்தக் குழுவிலும் உண்மையான செய்தி அது ஒன்றுதான். நாங்கள் நால்வரும் அதைக் கேட்கவில்லை. பொய்ச் செய்தியின் கேடு அதை மக்கள் நம்புவது என்று விண்ணப்பக் கட்டுரையில் எழுதி இடம் வாங்கியிருந்தேன். அது பாதிதான் சரி.

எட்டு நாற்பதுக்குக் கார் திரும்பியது. காரைக்குடியை நெருங்கும்போது பெரியப்பா கையைக் குறுக்கே நீட்டினார்.

"தம்பி, ஊருக்குள்ள விடாத. பைபாஸ்ல சுத்திப் போ. பயணம் கெளம்புனவ வீட்டு வாசலத் தாண்டி மறுபடி போகக் கூடாது."

சுற்றுவழி இருபது நிமிடம் கூடுதல். எங்கள் வீட்டுத் தெரு வழியாகப் போனால் நேராக மேற்குச் சாலையைப் பிடிக்கலாம். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சூலம், சந்திராஷ்டமம், எமகண்டம் மூன்றையும் காலண்டரில் கண்டுபிடித்தவர். வலது பக்கம் திருப்பி எங்கள் தெருவுக்குள் விட்டார்.

"தம்பி!"

"பேசாம வாங்கண்ணே."

பெரியப்பாவிடம் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. எங்கள் வீட்டு வாசலைக் கடந்தோம். அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் மடியிலிருந்த கைகளைப் பார்த்தார். தெருமுனையில் ஆஸ்திரேலியாவில் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்த என்னையும் கடந்தோம். தெரு முடியும்வரை அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை.

ஒன்பதரைக்கு இளையாத்தங்குடி. பந்தலில் இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. மேளச் சத்தத்தில் எந்த அழைப்பும் யாருக்கும் கேட்டிருக்காது. ஆச்சி பட்டுச் சேலையில், அக்குளில் எங்கள் மஞ்சள் பையோடு, பரிமாறுபவர்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க. இதுவா வர்ற நேரம்?" பையை என் கையில் கொடுத்தார். "இது நேத்தே இங்க வந்துருச்சு. நீங்கதான் லேட்டு." பிறகு, "சாப்புடாமப் போகக் கூடாது. எலை போடச் சொல்றேன்."

"பிளேன் போயிரும் ஆச்சி."

"அப்ப வாழையிலைல கட்டித் தர்றேன். நில்லு." கட்டித் தந்தார். எனக்கு ஒரு பொட்டலம், கார் ஓட்டும் அப்பாவுக்கு ஒன்று. பெரியப்பாவிடம், "நீங்க இருந்து சாப்புட்டுப் போங்கண்ணே. கார்ல எடமும் ஆகும், பேச்சும் கொறையும்" என்றார். பெரியப்பா காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

திருச்சி விமான நிலையத்தில் பதினொன்று முப்பத்திரண்டுக்கு இறங்கினோம். கவுண்டர் மூட எட்டு நிமிடம். வழியனுப்புவதற்கென்று மூன்று நாட்களாகத் திட்டமிட்டிருந்த எதற்கும் நேரமில்லை. அம்மா திருநீறு பூசக் கையை நீட்டியபோது நான் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன், திருநீறு தோள்பையில் விழுந்தது. அப்பா கையை ஆட்டினாரா என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எமகண்டத்தில் விமானம் ஏறியது.

திங்கட்கிழமை மாலை மூன்றரைக்குப் பல்கலைக்கழகப் பதிவு மேசை முன்னால் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்களுக்கு ஒரு துணிப்பை, ஒரு பேனா, மன அமைதிக்கு அழுத்திப் பிசைய ஒரு ரப்பர் பந்து. நீளமான வரிசை. அசல் சான்றிதழ் கோப்பை எடுத்து நீட்டினேன். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் அதைத் திறக்காமலே திருப்பித் தந்தார்.

"இதெல்லாம் வேண்டாம். நகல்தான் ஏற்கனவே அனுப்பிவிட்டீர்களே, அது போதும்."

பெரியப்பா பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கி, விசா பக்கத்தை விரித்தார். ஓரத்தில் மஞ்சள் கறை, கிழங்கின் உபயம்.

"கறி மசாலாவா?" என்று சிரித்தார்.

விளக்கலாம்தான். சூலத்திலிருந்து தொடங்க வேண்டும். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள், மணி மூன்று ஐம்பது.

"ஆமாம்" என்றேன். பொய்ச் செய்தி பற்றிப் படிக்க வந்த இடத்தில் நான் சொன்ன முதல் வார்த்தை அது. முத்திரை விழுந்தது. ரப்பர் பந்து கிடைத்தது.

பத்து நாள் கழித்து, அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த தோழி எனக்கு ஒரு வாட்சப் செய்தியை ஃபார்வர்ட் செய்தாள். இது உங்க ஊர்தானே என்று கேட்டிருந்தாள். காரைக்குடியிலிருந்து வெளிநாடு சென்ற மாணவிக்கு நேர்ந்த அதிசயம். சந்திராஷ்டமத்தில் புறப்பட வேண்டிய நிலை. முறைப்படி பரஸ்தானம் வைத்துச் சென்றதால் தடைகள் அனைத்தும் விலகின. மாணவிக்காக விமானம் இருபது நிமிடம் காத்திருந்தது. வீட்டு வாசலைத் தாண்டாமல் பைபாஸ் வழியாகச் சென்றதே காரணம் எனப் பெரியவர்கள் கூறுகின்றனர். பகிரவும்.

மொழிநடை பத்திரப்பதிவு அலுவலகத்துடையது.

எங்கள் முதல் பயிற்சிக் கட்டுரையின் தலைப்பு, ஒரு பொய்ச் செய்தியை அதன் மூலம்வரை தேடிச் செல்வது. வகுப்பில் மற்றவர்கள் தடுப்பூசி, தேர்தல் என்று எடுத்தார்கள். நான் இதை எடுத்தேன். மூன்று கைமாறுதலில் மூலத்தை அடைந்தேன். பெரியப்பா மறுக்கவே இல்லை. "நாலு பேருக்கு நல்லதுதானத்தா. நீ போய்ச் சேந்தியா இல்லியா?" என்றார்.

கட்டுரைக்காக எதெது பொய் என்று பட்டியல் போட்டேன். விமானம் காத்திருக்கவில்லை. தடைகள் விலகவில்லை, வைத்ததே தடை. பைபாஸ் வழியாகப் போகவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா அழைத்தார். சாப்பாடு, குளிர் எல்லாம் கேட்டு முடித்த பிறகும் வைக்கவில்லை.

"என்னமோ எழுதுறியாமே. அண்ணன் சொன்னாரு."

"ஆமாப்பா."

"தெரு வழியாப் போனதையும் எழுதுறியா?"

"அதுதானப்பா நடந்துச்சு."

"எல்லாத்தையும் எழுது. அத மட்டும் அவரு சொன்ன மாதிரியே விட்ரு. ஊருல கேக்குறவகளுக்கு நானும் பைபாஸுன்னுதான் சொல்லியிருக்கேன்."

கட்டுரையில் பைபாஸ் என்றே இருக்கிறது. மூலத்தை நேரடியாகச் சரிபார்த்த விதம் பாராட்டத்தக்கது என்று பேராசிரியர் ஓரத்தில் குறிப்பு எழுதி நல்ல மதிப்பெண் போட்டார். இந்தத் திருத்தத்தை இந்த நாளிதழில் வெளியிடுகிறேன். அப்பாவின் கண்ணில் படாது. செய்தித்தாளில் அவர் படிப்பது ஒரே ஒரு பக்கம்தான்.